வைகாசி வீதி எங்கே இருக்கிறது? மதுரையில் விருந்தாளிகளை இரண்டரை நாள் சுற்றிக்காட்ட யோசனை தேவை

அவனியாபுரத்தான்:

பிறந்தது வளர்ந்தது எல்லாம் மதுரைதான், நாற்பது வயதை நெருங்கிவிட்டேன், ஆனால் ஊரைச் சுற்றிக்காட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு முழி பிதுங்குகிறது. நமக்கு ஊர் என்றால் வீடு, கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு ஒரு தரம் ஆற்றில் அழகர். அவ்வளவுதானே.

தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் ஜாம்ஷெட்பூர். தமிழ்க் குடும்பம்தான், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். இந்தப் புரட்டாசியில் பூஜை லீவுக்கு மாப்பிள்ளை, தங்கை, பன்னிரண்டு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண், கூடவே மாப்பிள்ளையின் அப்பா அம்மா, அதாவது எங்களுக்கு மாமா அத்தை, எல்லாரும் வருகிறார்கள். வெள்ளி மதியம் இறங்கி ஞாயிறு ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். கல்யாணத்துக்கு வந்தபோது மண்டபத்தையும் ரயில்வே ஸ்டேஷனையும் தவிர எதையும் பார்க்கவில்லை என்று அவர்களுக்கு இன்னும் ஒரு குறை உண்டு.

மாமா சும்மா பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை. இது யார் கட்டியது, ஏன் கட்டினார், இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டுக்கொண்டே வருவார். போன வாரம் போனில், "ஆடி வீதி இருக்கு, சித்திரை வீதி இருக்கு, மாசி வீதி இருக்கு, வைகாசி வீதி எங்கப்பா?" என்றார். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. மாமா புரட்டாசி முழுக்க சைவம். மாப்பிள்ளைக்கோ கறி தோசை சாப்பிடாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது.

போன வருஷம் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், பன்னிரண்டே முக்காலுக்குக் கிழக்கு வாசலில் நின்று, நடை சாத்தியாகிவிட்டது என்று தெரிந்து, வெறுங்காலோடு சித்திரை வீதிக் கல்லில் துள்ளிக் குதித்த அனுபவம் எனக்கு உண்டு. மதுரைக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. மறுபடி அப்படி ஆகாமல் இருக்க என்ன பார்க்கலாம், எந்த நேரத்தில் பார்க்கலாம், மாமாவுக்கு என்ன சொல்லலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

மாசிவீதி மாடிவீடு:

தம்பி, வைகாசி வீதி கிடையாது. ஆனி வீதியும் கிடையாது. மாதங்களை வரிசைப்படி அடுக்கி யாரும் தெருவுக்குப் பெயர் வைக்கவில்லை. எந்த மாதத் திருவிழாவுக்கு சாமி எந்தச் சுற்றில் வலம் வந்ததோ அந்த மாதம் அந்தச் சுற்றுக்குப் பெயராகிவிட்டது. கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பது ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து நாங்கள் குடியிருக்கும் மாசி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு என்று நாலு. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்த மாதிரி.

மாமா அடுத்து கேட்கப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது? மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன. திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்து ஒரே பெரிய திருவிழாவாக ஆக்கினார் என்பார்கள். மாசியில் அறுப்பு வேலை, தேர் இழுக்க ஆள் சேராது என்று காரணமும் சொல்வார்கள். விழா மாதம் மாறிவிட்டது, தேர் ஓடும் தெரு மாறவில்லை. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தேர்த் தலை நம் கண்ணுக்கு நேரே போகும், பார்க்க வேண்டும்.

மாசி வீதிக்கும் வெளியே வெளி வீதி. பழைய கோட்டை மதிலும் அகழியும் அந்தப் பக்கம்தான் இருந்தன. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், ஊர் நெருக்கடி தாங்காமல் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கு அந்த மனையே கிடைக்கும் என்று அறிவித்ததால் வேலை மளமளவென்று நடந்தது. அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் என்ற வெள்ளைக்காரர் பெயரிலும் இன்றைக்கும் தெருக்கள் இருக்கின்றன. லாட்ஜுக்காக எத்தனையோ பேர் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்கு வருகிறார்கள், யார் இந்தப் பெருமாள் என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். அது ஏதோ ஜவுளிக்கடை ஏரியாவின் பெயர் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

விளக்குத்தூணிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சந்துக்குள் பத்துத் தூண். தலையைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், சுற்றிலும் கடை, நடுவில் பத்து ராட்சசத் தூண்கள் எதையும் தாங்காமல் சும்மா நிற்கின்றன. அதுவும் நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி. முதலில் அதைக் காட்டிவிட்டு அப்புறம் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போங்கள். அரண்மனை எவ்வளவு தூரம் பரந்து கிடந்திருக்கும் என்று பையனுக்குத் தானாகப் புரியும். 1636இல் கட்டியது, இப்போது நாம் பார்ப்பது அதில் கால்வாசி இருக்கலாம். மீதியை எதிரி யாரும் இடிக்கவில்லை. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனார். பிறகு நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுது பார்த்ததால்தான் இதாவது மிஞ்சியது. ரொம்ப காலம் ஜில்லா கோர்ட்டே அந்த மண்டபத்தில்தான் நடந்தது.

காந்தி வேட்டியை விட்டு அரைத்துண்டுக்கு மாறியதும் எங்கள் தெருவில்தான். மேலமாசி வீதி 251ஏ, 1921 செப்டம்பர் 22. கீழே கதர்க்கடை இருக்கிறது, மாடியில் அவர் தங்கிய இடம். பத்து நிமிஷ வேலை. அதற்குப் பக்கத்தில் இன்மையில் நன்மை தருவார் கோயில். சிவனே சிவலிங்கத்தைப் பூஜை செய்கிற கோலம். கூட்டம் இருக்காது, மாமாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

தெற்குவாசல் செல்வி:

மாசி வீதி அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டார், நான் வயிற்றையும் கோயிலையும் பார்க்கிறேன்.

கோயிலுக்கு ஒரு தடவை போகாதீர்கள், இரண்டு தடவை போங்கள். காலையில் ஆறு மணிக்கு ஒரு தடவை, கல் சுடாது, வரிசையும் குறைவு. பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பு, அதை நீங்கள் காலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். ராத்திரி இன்னொரு தடவை, பள்ளியறை பூஜைக்கு. ஒன்பது மணிக்குமேல் சொக்கரின் திருவடியைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரம் ஊத, மீனாட்சி சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். மதுரையில் ஐயாதான் அம்மா வீட்டுக்கு வருகிறார் என்று அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், மாமாவை ஒரு பார்வை பார்ப்பார். வீட்டில் யார் ஆட்சி, மதுரையா சிதம்பரமா என்று நாம் கேட்பதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். புரட்டாசியில் வருவதால் நவராத்திரிக் கொலு அமைந்தால் பெரிய அதிர்ஷ்டம், கொலு மண்டபத்தில் ஒவ்வொரு நாளும் அம்மனுக்கு ஒவ்வொரு அலங்காரம்.

போன் உள்ளே விட மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த தடை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்குவதற்கே நேரம் பிடிக்கும், ஆறு பேர் போனையும் காரிலேயே விட்டுவிடுங்கள். நுழையும்போது கிழக்குப் பக்கம் அஷ்டசக்தி மண்டபம் வழியாகப் போங்கள், அம்மனை முதலில் பார்க்கிற வழி அதுதான். வாசல் மாறிப் போனால் அத்தை முட்டியோடு முழு ஆடி வீதியையும் சுற்ற வேண்டிவரும்.

குழந்தைகளுக்கு உள்ளே மூன்று விஷயம் காட்டுங்கள். கரும்பு தின்ற கல் யானை, எல்லாம் வல்ல சித்தர் சன்னதிப் பக்கம். கால் மாறி ஆடிய நடராசர், எல்லா ஊரிலும் இடது காலைத் தூக்கியிருப்பார், இங்கே வலது கால். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டியன் கேட்டதற்காக மாற்றிக்கொண்டார் என்று கதை. அப்புறம் மீன் போன்ற கண்ணுடையவள் கோயில் குளத்தில் மீனே கிடையாது. ஒரு நாரை சிவனிடம் கேட்ட வரம் அது, மீன் இருந்தால் பிடித்துத் தின்னும் ஆசை வரும் என்று மீனே இல்லாமல் செய்யச் சொன்னதாம். என் பெண் ஆறு வயதில் பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்து மீன் தேடியிருக்கிறாள்.

சாப்பாடு. மாமாவுக்குக் கவலையே வேண்டாம், இட்லியும் நாலு சட்னியும், பால்பன், சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால், அதில் சுக்கும் கருப்பட்டியும் போட்டிருப்பார்கள், பயண அலுப்புக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம், பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சின பால், மேலே ஐஸ்கிரீம். சைவம்தான், மாமாவும் குடிக்கலாம். மாப்பிள்ளையை மட்டும் ராத்திரி தனியாகக் கூட்டிப்போய் கறி தோசையும் சுக்காவும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள், மாமாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு வேண்டாம்.

சேலை எடுப்பதென்றால் சுங்குடி. ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால்தான் அசல், நம் சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் கையால் போடுகிற முடிச்சு. கடையில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சு அல்லது பிரிண்ட். துணியைத் தடவிப் பாருங்கள், முடிச்சு போட்ட இடம் லேசாகப் புடைத்துக்கொண்டிருக்கும். கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது அங்கே இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். பழைய நினைப்பில் பாவாடை தைக்க அங்கே போய் நிற்காதீர்கள்.

வாடகை வண்டி:

அண்ணே, நான் கார் ஓட்டுறவன், சுருக்கமாகச் சொல்றேன். இரண்டரை நாளில் பதினெட்டு இடம் எழுதிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கடைசியில் அவர்கள் பார்ப்பது என் வண்டியின் முதுகு சீட்டைத்தான்.

பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் கோயில் எதுவும் கிடையாது. அந்த நேரத்துக்குக் கீழடி அல்லது காந்தி மியூசியம் அல்லது புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். நூலகம் 2023இல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, லிப்ட் உண்டு, ஏசி உண்டு, அத்தை நிம்மதியாக உட்காரலாம். பண்டிகை லீவு நாளில் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாள் அரண்மனையில், சுட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை பட்ட துணி அங்கே இருக்கிறது. அந்த அறையில் நுழைந்ததும் சத்தம் போடுகிற பிள்ளைகள்கூட அடங்கிவிடும்.

திருப்பரங்குன்றம் படி அதிகம், அத்தைக்குச் சிரமம். அழகர்கோயில் இருபத்தோரு கிலோமீட்டர், கீழ்க்கோயில் சமதளம்தான், மேலே பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் வண்டி போகும். புரட்டாசி சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், ஊரே பெருமாள் கோயிலில் நிற்கும், என்னால் வண்டி நிறுத்த இடம் பிடிக்க முடியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். குரங்கு நிறைய, பிள்ளைகள் கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கக் கூடாது. பிரசாதமாகத் தருகிற அழகர்கோயில் தோசையை விடாதீர்கள், மிளகு சுக்கு போட்டு நெய்யில் சுட்டது, நாம் வீட்டில் சுடுகிற தோசை மாதிரி இருக்காது, கனமாக இருக்கும்.

அழகர் தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்து, லேட்டாகி, கோபித்துக்கொண்டு வண்டியூர் வழியாகத் திரும்பினார் என்ற கதையை மாமாவிடம் சொல்லுங்கள். நான் சொல்லி இதுவரைக்கும் ரசிக்காதவர்கள் இல்லை.

கல்வெட்டுக் கிறுக்கன்:

வாடகை வண்டி அண்ணன் மன்னிக்க வேண்டும், அந்தக் கதையை மாமாவிடம் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கிற அண்ணன் அழகர் இல்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். முருகனோடு சேர்ந்து அவர் வந்து, சரியான நேரத்துக்குத் தாரை வார்த்துவிட்டுத்தான் போகிறார். அழகர் மலையிலிருந்து இறங்கி வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. அந்த விழா முன்பு சோழவந்தான் பக்கம் தேனூரில் நடந்தது, வண்டியூரில் முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். நாயக்கர் இரண்டையும் ஒட்டவைத்தார், ஒட்டின இடத்தில் ஜனங்கள் ஒரு கோபக்கார அண்ணன் கதையை வைத்துத் தைத்துவிட்டார்கள். கதை அழகான கதைதான், நானும் என் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவன். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாமா மாதிரி ஆளுக்கு இரண்டாவதுதான் ருசி.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் சிலையைத் தேடாதீர்கள். சந்தனம் பூசிய அந்தப் பெரிய கதவுதான் சாமி. பூட்டின கதவுக்குத்தான் மாலை, அரிவாள், கும்பிடு எல்லாம். பழைய காலத்தில் வழக்கு தீராதவர்கள் அங்கே வந்துதான் சத்தியம் செய்வார்கள், பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் தைரியம் வராது.

எல்லாரும் விட்டுவிட்ட இடம் கீழக்குயில்குடி. சமணர் மலை. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அத்தை அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். பையனையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு செட்டிப்புடவு வரை ஏறுங்கள். குகைக்குள் பெரிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், ஊர்க்காரர்கள் அந்த நீண்ட காதைப் பார்த்து அவரைச் செட்டியார் என்று நினைத்துவிட்டார்கள், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை தோசைக்கல் ஆகிவிடும்.

மலை என்றதும் இன்னொன்று. சமணர்கள் மதுரையை அழிக்க யானை, பாம்பு, பசு என்று மூன்றை ஏவிவிட்டதாகவும் சிவன் அவற்றைத் தடுத்ததாகவும் திருவிளையாடல் கதை. யானை மலை, நாகமலை, பசுமலை மூன்றும் அவைதான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், கதையில் சமணர் ஏவிய அந்த யானையின் உடம்பிலேயே சமணர் படுக்கையும் இருக்கிறது, பழந்தமிழ் எழுத்தான தமிழியும் இருக்கிறது, நரசிங்கப் பெருமாளுக்கு எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலும் இருக்கிறது. கதை ஒரு பக்கம் பேசட்டும், கல் ஒரு பக்கம் பேசுகிறது. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் போகும்போது அந்தப் பெண் குழந்தையிடம் துதிக்கை எங்கே என்று கேளுங்கள், அவளே காட்டிவிடுவாள்.

கீழடியைப் பற்றி வண்டிக்காரர் ஒரு வரியில் முடித்துவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. ராமநாதபுரம் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும், சிவகங்கை மாவட்டம். 2015இல் தொல்லியல் துறை முதலில் குழி போட்டபோது அது வெறும் தென்னந்தோப்பு. உறைகிணறு, செங்கல் கட்டுமானம், தாயக்கட்டை, சில்லு, பானை ஓட்டில் "குவிரன்", "ஆதன்" என்று கீறின பெயர்கள். ஒரு மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் 580 என்று வந்தது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். பானையில் பெயர் எழுதுகிற பழக்கம் நம் வீட்டுப் பாத்திரத்தில் இன்னும் இருக்கிறதே, அதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம் இல்லையா, அதே வேலைதான்.

அப்புறம் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. யாராவது எண்ணிப்பார்த்துச் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் சொல்லி வைக்கிறேன்.

அவனியாபுரத்தான்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வாடகை வண்டி அண்ணே, உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், சனி ஞாயிறு வண்டி வேண்டும். ஒரே ஒரு சந்தேகம், வெள்ளி சாயங்காலம் வந்து இறங்கின களைப்பில் இருப்பார்கள், அன்றைக்கு என்ன செய்வது? அவனியாபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பொங்கலுக்கு மட்டும்தான் கூட்டம், ஜல்லிக்கட்டு முடிந்தால் பார்க்க ஒன்றும் இல்லை.

தெற்குவாசல் செல்வி:

தெப்பக்குளம். யோசிக்கவே வேண்டாம். மகால் கட்டச் செங்கலுக்காக மண் எடுத்த பள்ளத்தைத்தான் நாயக்கர் 1645இல் குளமாக்கினார் என்பார்கள். தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் கோயிலுக்குள் இருக்கிற முக்குறுணி விநாயகர், சதுர்த்திக்கு மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்வார்களே அவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குளத்துக்குள் கிரிக்கெட்தான், தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் நிரப்புவார்கள். இப்போது பனையூர்க் கால்வாயில் வைகைத் தண்ணீர் வந்து நிரம்பி நிற்கிறது, மைய மண்டபத்தைச் சுற்றிப் படகும் விடுகிறார்கள். ஓரத்துத் திட்டில் உட்கார்ந்து மசால் பொரி சாப்பிட்டால் ஒரு சாயங்காலம் போவது தெரியாது. அத்தைக்கு ஒரு படிகூடக் கிடையாது.

மாசிவீதி மாடிவீடு:

செல்வி சொன்னதே சரி. மாமாவுக்கு இன்னொரு கதையும் மிச்சம் வைத்திருந்தேன். ரவுஸ் பீட்டர் என்று ஒரு கலெக்டர், 1812 முதல் 1828 வரை இங்கே இருந்தவர். ஜனங்கள் அவரைப் பீட்டர் பாண்டியன் என்றே கூப்பிட்டார்கள். ஒரு ராத்திரி இடி மழை, ஒரு சின்னப் பெண் வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போகிறாள், அவர் வெளியே வந்ததும் வீட்டின்மேல் இடி விழுகிறது, பெண்ணைக் காணோம். வந்தது மீனாட்சி என்று நம்பி, அம்மனுக்குத் தங்கத்தில் குதிரை அங்கவடி, அதாவது குதிரையில் ஏறக் கால் வைக்கிற வளையம், செய்து கொடுத்தார். சித்திரைத் திருவிழாவில் அம்மன் குதிரை வாகனத்தில் வரும் நாளில் அந்த அங்கவடிதான் போடுகிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம், அங்கவடி இருக்கிறது.

அவனியாபுரத்தான் (மூன்று வாரம் கழித்து):

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திட்டத்தில் பாதிதான் நடந்தது. வெள்ளி தெப்பக்குளம், சனி காலை கோயில், மதியம் கீழடி. மகாலுக்கு நேரமில்லை, பத்துத் தூணோடு நின்றுவிட்டது. மாமா அந்தச் சந்துக்குள் ஒவ்வொரு தூணாகக் கட்டிப்பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து அவருக்கு மோர் கொடுத்தார். ஞாயிறு அழகர்கோயில், குரங்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் கூலிங்கிளாஸைக் கொண்டுபோய்விட்டது. சமணர் மலைக்கு நானும் பையனும் மட்டும் விடியற்காலையில் பைக்கில் போய் வந்தோம். நாற்பது வருஷம் இங்கேயே இருந்து நானும் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஏறினேன்.

பள்ளியறை பூஜையில் செல்வி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அத்தை மாமாவை நிஜமாகவே ஒரு பார்வை பார்த்தார். சின்னவள் ஆயிரங்கால் மண்டபத்தில் தூணை எண்ணத் தொடங்கி இருநூற்றுச் சொச்சத்தில் தப்புவிட்டு அழுதுவிட்டாள்.

வைகாசி வீதிக்குப் பதில் சொன்னதும் மாமா, "அப்ப அந்தத் தேரை மாசி வீதியில நின்னு பாக்கணுமே" என்று பிடித்துக்கொண்டார். சித்திரைக்கு மறுபடி வருகிறார்களாம், டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டார். மாசிவீதி அண்ணே, உங்கள் மாடியில் ஏழு பேர் நிற்க இடம் இருக்குமா?

மாசிவீதி மாடிவீடு:

ஏற்கெனவே இருபது பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஏழு பேர் என்ன, வாருங்கள். காலை அஞ்சரைக்கு முன்னாடி வந்துவிடுங்கள், அதற்கப்புறம் தெருவுக்குள் நுழைய முடியாது. படி கொஞ்சம் செங்குத்து, அத்தைக்குக் கீழே திண்ணையில் நாற்காலி போட்டுவைக்கிறேன், தேர்ச் சக்கரம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.